சிரட்டையில் பால் சொட்டிய நேரம்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன மாதம் என் பி.காம். சான்றிதழ் கைக்கு வந்தது. எனக்கு வயது 42. 2003-ல் நாகர்கோவிலில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது கல்யாணமாகி, படிப்பைப் பாதியில் விட்டு குலசேகரத்துக்கு வந்தவள். நேரில் சொன்னால் தொண்டை அடைக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் பழைய கணக்கு சாருக்கு. 2017 ஒக்கி புயலில் கூரை போனது, தோட்டத்தில் பாதி ரப்பர் மரம் போனது, டிரங்குப் பெட்டியில் இருந்த பிளஸ் டூ மார்க் லிஸ்டும் நனைந்து கூழாகிவிட்டது. "விடுங்க சார், இனி எதுக்கு?" என்றேன். சார் விடவில்லை. பத்து, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசை இல்லாவிட்டால் அரசு வேலைக்கு அந்தப் பட்டம் எடுபடாது என்று சொல்லி, நகல் வாங்குவதற்கான விண்ணப்பத்தை அவரே நிரப்பிக் கொடுத்தார். 2021-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். பழைய இரண்டு வருடப் படிப்பின் மார்க்கைத் தேடி அலைய மனமில்லை, முதலிலிருந்தே படித்தேன்.

என் வீட்டுக்காரர் விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். வெட்டி முடித்த பிறகு, மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டையில் பால் சொட்டி முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரம் எனக்கு என்று அவர்தான் ஒதுக்கினார். பால் எடுக்கிற வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் படித்தேன். இப்போதும் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் திறந்தால், ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் வாடை அடிக்கும்.

இருபது வயதில் தேய்மானம், அதாவது ஒரு பொருளின் மதிப்பு வருடாவருடம் குறைவது, என்றால் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு சூத்திரம், அவ்வளவுதான். நாற்பதில், ரப்பர் ஷீட் அடிக்கிற எங்கள் ரோலர்தான் தேய்மானம்! அதற்கு வருடக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், கிலோவுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று இத்தனை நாள் நாங்கள் தப்பாக நினைத்திருந்தது தெரிந்தது. சிரட்டையிலும் மரத்திலும் ஒட்டிக் காய்கிற ஒட்டுப்பாலையும் இப்போது தனியாக எழுதி வைக்கிறேன். சம்பளம் என்று இன்னும் ஒன்றும் வரவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மகளிர் குழுவில் வங்கிக்குப் போகும்போது கணக்கு நோட்டை என் கையில்தான் தருகிறார்கள். அடுத்த குரூப் 2 தேர்வுக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன்.

மாமிக்கு என்ன சொல்வது? "இந்த வயசில எதுக்கு பிள்ளே?" என்று முதலில் கேட்டவரும் அவர்தான், பரீட்சை நாளில் மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன் குழம்போடு தூக்குவாளியில் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். மகள் எக்ஸெல் சொல்லித் தந்தாள், கொஞ்சம் திட்டியும் தந்தாள். ஜெராக்ஸ் கடைத் தம்பி பாதி நாள் காசு வாங்கவில்லை. சான்றிதழை லேமினேட் செய்யப் போனபோது, "ஒரிஜினலுக்குப் போடாதீங்க அக்கா" என்று தடுத்தவனும் அவனே.

பக்கத்து வீட்டு அக்கா, உங்கள் கால்குலேட்டர் நான்கு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட வாருங்கள், அன்றைக்குத் தந்துவிடுகிறேன்.