மனிதப் புரதத்தை நாமே தயாரிக்கலாமே

ஆசிரியருக்கு,

ஆய்வுகூடப் பொருள்களின் இறக்குமதிச் செலவு பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். சரி, இயந்திரங்களை வாங்கத்தான் வேண்டும், ஆனால் கலங்களை வளர்க்கவும் மருந்துகளைச் சோதிக்கவும் தேவைப்படும் மனிதப் புரதங்கள் அத்தனையையும் வெளிநாட்டிலிருந்தே தருவிக்க வேண்டுமா? மனித மரபணுவை ஈ.கோலை பக்டீரியாவுக்குள் செலுத்திப் புரதம் எடுக்கும் வித்தை இன்சுலினில் 1978இலேயே கைகூடிவிட்டது. (சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய சிக்கலான புரதங்களுக்குப் பெரும்பாலும் பாலூட்டிக் கலங்கள் வேண்டும், அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.) கண்டியில் நான் ஆய்வு உதவியாளராக இருந்தபோது, மைக்ரோகிராம் கணக்கில் வாங்கிய வளர்ச்சிக் காரணி (கலங்களை வளரத் தூண்டும் புரதம்) ஒன்று வழியில் எங்கோ தேங்கி, பனிக்கட்டி உருகி வந்து சேர்ந்தது, கலங்கள் அதைச் சட்டையே செய்யவில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகம் எளிய புரதங்கள் சிலவற்றையாவது தயாரித்து, தூய்மையைச் சோதித்து, மற்ற ஆய்வுகூடங்களுக்கு அடக்கவிலைக்குக் கொடுக்கலாம். அரசு அதற்குக் கொஞ்சம் நிதி ஒதுக்கட்டும்.

உயிரியல் ஆசிரியர், ஹட்டன்