சாக்லேட் நல்லதுதான், ஆனா எந்த சாக்லேட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சாக்லேட் சாப்பிட்டா இதயத்துக்கு நல்லதுன்னு ஹெல்த் பக்கத்துல அடிக்கடி ஒரு துணுக்கு வருது, கூடவே பளபளன்னு மில்க் சாக்லேட் படம் வேற. ஆராய்ச்சியில சொன்னது ஒண்ணு, படத்துல இருக்குறது வேற ஒண்ணு சார்.

நல்லது பண்றது கோகோ கொட்டையில இருக்குற ஃபிளவனால்ங்கிற இயற்கைப் பொருள். அது உள்ள போனா ரத்தக்குழாயோட உள்சுவர்ல நைட்ரிக் ஆக்சைடு கூடுது, குழாய் கொஞ்சம் தளர்ந்து விரியுது, பிரஷரும் லேசா இறங்குது. லேசான்னா லேசாதான், இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க. தினம் 200 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் ரத்தக்குழாய்க்கு உதவும்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2012ல ஒத்துக்கிச்சு. ஆனா கடையில வாங்குற பார்ல அவ்வளவு இருக்குமான்னா சொல்லவே முடியாது, ஏன்னா கொட்டையைப் புளிக்கவெச்சு வறுக்கும்போதே அது குறைய ஆரம்பிச்சிடும், அப்புறம் கசப்பு தெரியக்கூடாதுன்னு ஆல்கலின்னு ஒரு ரசாயனத்தைப் போட்டு பதப்படுத்துனா மிச்சத்துலயும் பெரும்பகுதி காலி, அதுக்கு மேல பாலும் சர்க்கரையும் கொட்டி குடுத்தா நம்ம வாய்க்கு வர்றது வெறும் மிட்டாய்தானே. வெள்ளை சாக்லேட்டைப் பத்தி பேசவே வேணாம், கோகோ கொட்டையிலேர்ந்து அதுல சேர்றது வெண்ணெய் மட்டும்தான்.

கோகோ சாறு இதயத்துக்கு உதவுதான்னு பாத்து 2022ல வெளிவந்த காஸ்மோஸ் ஆய்வையும் பலபேர் தப்பா எழுதிட்டாங்க. அமெரிக்காவுல 21 ஆயிரம் பேருக்கு மேல சேத்து பண்ணது, பாதி பேருக்கு தினம் 500 மில்லிகிராம் ஃபிளவனால் இருக்குற கோகோ சாறு கேப்சூல், மீதி பேருக்கு டம்மி கேப்சூல். சாக்லேட்டை யாருக்கும் குடுக்கவே இல்ல! ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் எல்லாம் சேத்துப் பாத்தா குறைஞ்சதுன்னு உறுதியா சொல்ல முடியல, இதயநோய் சாவு மட்டும் 27 சதவீதம் கம்மியா இருந்துச்சு, அதுவும் ஆய்வோட முக்கியக் கேள்வி கிடையாது.

அப்ப சாப்பிடவே கூடாதான்னா, தாராளமா சாப்பிடுங்க, பாக்கெட்டைத் திருப்பிப் பாத்துட்டு. சேர்மானப் பட்டியல்ல முதல்ல கோகோ வரணும், சர்க்கரை முதல்ல வந்தா முன்பக்கம் டார்க்னு எவ்வளவு பெருசா போட்டிருந்தாலும் வெச்சுட்டு வந்துடலாம். 70 சதவீதத்துக்கு மேல கோகோ இருந்தா 20 கிராம் போதும், அதுவே கிட்டத்தட்ட 120 கலோரி, முழு பாரையும் முடிச்சா ஒருவேளை சாப்பாட்டுக் கணக்கு வந்துடும். தூக்கம் வராதவங்க ராத்திரி தொடாதீங்க, காஃபீன் இருக்கு. சர்க்கரை சேக்காத, ஆல்கலி போடாத கோகோ பவுடரைப் பால்ல கலந்து குடிக்கிறது இதைவிட நல்ல வழின்னு நான் சொல்வேன், ஆனா அது எல்லாருக்கும் பிடிக்காது.

டார்க்ல ஒரு சிக்கலும் இருக்கு. கோகோ கூடக்கூட காட்மியம், ஈயம்னு உடம்புக்குக் கெடுதலான ரெண்டு உலோகமும் அதிகமாக வாய்ப்பிருக்கு, காட்மியம் மண்ணுலேர்ந்து மரம் இழுக்குறது, ஈயம் பெரும்பாலும் கொட்டை காயுறப்ப படியுற தூசியில வர்றது. அதனால சின்னப் பசங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நல்லதாச்சேன்னு தினம் குடுக்க வேணாம். இந்த விஷயத்தையும் அடுத்த துணுக்குல ஒரு வரி போடுங்க சார், அந்தப் படத்தையும் மாத்திடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்