யுஎஸ்பி மோடம் விற்பவர்களுக்குக் குமரி மலையோரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் யுஎஸ்பி இணைய மோடங்களை விற்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வட்டார அலுவலர்களுக்கும், அவற்றின் விற்பனையகங்களை நடத்துவோருக்கும் வணக்கம்.

உங்கள் கடைகளில் கிடைக்கும் டாங்கிளின், அதாவது சிம் போட்டு யுஎஸ்பி துளையில் செருகும் சிறு மோடத்தின், பெட்டியில் விண்டோஸ், மேக் என்ற இரண்டு பெயர்கள் மட்டுமே அச்சாகியிருக்கின்றன. ரௌட்டரில் செருகுவதற்காக வாங்குகிறோம் என்றால், 'அதற்கு எங்கள் ரௌட்டரையே வாங்கிக்கொள்ளுங்கள்' என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். ரௌட்டரில் நிறுவனம் தந்த மென்பொருளுக்குப் பதிலாக ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் அடிப்படையிலான திறந்த மென்பொருளைப் போட்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டாலோ பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஒரு வாசகசாலையின் பொறுப்பாளன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நாங்கள் இலவசச் சேவை கேட்கவில்லை; விற்கும் பொருளைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சில விவரங்களைப் பெட்டியின் மேல் அச்சிடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பேச்சிப்பாறை, கோதையாறு, ஆறுகாணிப் பக்கங்களில் கேபிள் இணையத்தை மட்டும் நம்பியிருப்பது எளிதல்ல. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. காற்றில் ஒரு ரப்பர் மரம் சாய்ந்தால் அதன் கீழ் போகும் கம்பியும் சேர்ந்து அறுந்துவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்டதை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் ரௌட்டரும் அதில் செருகிய ஒரு டாங்கிளும் இருந்தால், கம்பி அறுந்தாலும் டவர் உயிரோடிருக்கும் வரை போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இணையம் கிடைக்கும்.

மாற்று மென்பொருள் என்றதும் அதைக் கள்ளச் சரக்கு போலப் பார்க்கும் வழக்கம் உங்கள் சேவை மையங்களில் இன்னும் போகவில்லை. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டருக்குள் லினக்ஸ் இருந்தது; லினக்ஸை எடுத்து விற்பவர் அதன் மூலநிரலையும் பிறருக்குத் தர வேண்டும் என்று சொல்லும் பொது உரிமத்தின்படி, அந்த நிரலை 2003இல் வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 2004இல் தொடங்கியதுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி. 2016இல் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில், டிபி-லிங்க் நிறுவனம் 2,00,000 டாலர் செலுத்தியதோடு, தன் ரௌட்டர்களில் பிறர் எழுதிய மென்பொருளுக்கு இடமளிக்கும் வழிகளை ஆராயவும் ஒப்புக்கொண்டது. ஓர் ஒழுங்குமுறை ஆணையமே இடமளிக்க வழி தேடச் சொன்ன ஒன்றை உங்கள் உதவி மையம் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை.

இனி எங்கள் சிக்கலுக்கு வருகிறேன். இவ்வகை மோடங்களில் பல, செருகியவுடன் தம்மை மோடமாகக் காட்டிக்கொள்வதில்லை. விண்டோஸுக்கான நிறுவல் கோப்புகளைச் சுமந்த ஒரு குறுவட்டாகவே முதலில் தோன்றுகின்றன. கணினியில் அந்தக் கோப்பு நிறுவப்பட்ட பிறகு, அது அனுப்பும் ஒரு கட்டளையால் மோடமாக மாறுகின்றன. ரௌட்டரில் அந்த வேலையை யுஎஸ்பி மோடுஸ்விட்ச் என்னும் சிறு நிரல் செய்கிறது. ஆனால், எந்தக் கருவிக்கு எந்தக் கட்டளை என்பதை அது கருவியின் அடையாள எண்ணைப் பார்த்தே தீர்மானிக்கிறது. ஹுவாவே இ1550 என்ற பழைய 3ஜி மோடம் குறுவட்டாக இருக்கும்போது 1446 என்றும், மாறிய பின் 1001 என்றும் தன் எண்ணைச் சொல்லும். எண் மாறியிருந்தால் மோடம் தயார், மாறவில்லை என்றால் மற்ற அமைப்புகளை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை.

மாறிய பிறகும் எல்லா மோடமும் ஒரே மொழி பேசுவதில்லை. பழையவை சீரியல் என்னும் முறையில், தொலைபேசியைப் போல *99# என்று டயல் செய்து இணைகின்றன. 4ஜி மோடங்களில் சில க்யூஎம்ஐ முறையிலும் சில என்சிஎம் முறையிலும் இயங்குகின்றன; இவை இரண்டும் ரௌட்டருக்கு ஒரு வலையட்டை போலத் தெரிபவை. ஹுவாவேயின் ஹைலிங்க் வகை தானே ஒரு குட்டி ரௌட்டராகி 192.168.8.1 என்ற முகவரியில் உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு முறைக்கும் ரௌட்டரில் தனித்தனி மென்பொருள் தொகுப்புகள் வேண்டும். எங்களிடம் இருப்பதோ வெறும் 8 எம்பி சேமிப்பிடம் கொண்ட பழைய ரௌட்டர்; எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் அதில் ஏற்றி வைக்க முடியாது. தொகுப்புகளைத் தரவிறக்க இணையம் வேண்டும். அந்த இணையமோ இன்னும் வேலை செய்யாத அதே டாங்கிள் வழியாகத்தான் வர வேண்டும்! அதனால் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ இருக்கும்போதே சரியான தொகுப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மலை ஏற வேண்டியிருக்கிறது. வாங்கிய மோடம் எந்த முறையில் இயங்குவது என்று பெட்டி சொல்லாதபோது, எதை எடுத்து வருவது? ஒரே மாதிரி எண்ணும் ஒரே வெள்ளை உறையும் கொண்ட இரண்டு டாங்கிள்களில் ஒன்று ஹைலிங்க்காகவும் மற்றொன்று சீரியலாகவும் இருப்பது, உள்ளிருக்கும் மென்பொருள் பதிப்பைப் பொறுத்து நடக்கக்கூடிய ஒன்றுதான். வாங்குபவருக்கு அது செருகிப் பார்க்கும் வரை தெரியாது.

மின்சாரம் இன்னொரு தொல்லை. யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும் என்பது அதன் வரையறை. டவர் தொலைவில் இருக்கும்போது மோடம் உரக்கப் பேச வேண்டியிருப்பதால் அதன் மின்தேவை ஏறி, மலிவான ரௌட்டர்களில் இணைப்பு பட்டென்று அறுந்து, மோடம் மறுபடியும் குறுவட்டாகத் தலைகாட்டும். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வைத்தால் இது தீர்ந்துவிடும். உச்ச மின்தேவை எவ்வளவு என்ற ஒரு வரி பெட்டியில் இருந்தால், 'சிம் பழுது, மாற்றிப் பாருங்கள்' என்று உங்கள் சேவை மையம் எங்களைத் திருப்பி அனுப்ப வேண்டிய தேவையும் இராது.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். களியக்காவிளை, படந்தாலுமூடு, ஆறுகாணி போன்ற எல்லையோர இடங்களில் கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்தின் டவர் சில வேளைகளில் நம் டவரைவிடப் பலமாக எட்டுகிறது. மோடம் அதைப் பிடித்துக்கொண்டு, பதிவு நிலையைக் கேட்டால் சொந்த வலையைக் குறிக்கும் 1 என்பதற்குப் பதில், ரோமிங்கை, அதாவது வேறு வலையில் இருப்பதைக் குறிக்கும் 5 என்று சொல்லும். ரோமிங்கில் டேட்டா வேண்டாம் என்ற அமைப்பு மோடத்துக்குள் இருந்தால், சிக்னல் முழுதாகக் காட்டினாலும் ஒரு பக்கமும் திறக்காது. போனில் இதை ஒரு தொடுதலில் மாற்றிவிடலாம். திரையில்லாத டாங்கிளில் அந்த அமைப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை விற்பவர் சொன்னால்தான் உண்டு. சிக்னலையும் முழுக்கோடுகளாகக் காட்டாமல் எண்ணாகக் காட்டும் வழியைச் சொல்லித்தாருங்கள். எங்கள் வாசகசாலையில் இரும்பு அலமாரிக்குப் பின்னால் 9 என்று காட்டிய மோடம், யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியால் ஜன்னல் கம்பி அருகே வந்ததும் 17 காட்டியது. அந்த அளவுகோலில் ஒவ்வொரு படிக்கும் 2 டெசிபெல் வித்தியாசம் என்பதால், இது பெரிய மாற்றம்.

ஆகவே, பெட்டியின் ஒரு பக்கத்தில் இவற்றை அச்சிடுங்கள்: மாறுவதற்கு முன்னும் பின்னும் உள்ள அடையாள எண்கள், இயங்கும் முறை, ஏபிஎன் (உங்கள் வலையிலிருந்து இணையத்துக்குள் நுழைய மோடத்தில் இட வேண்டிய நுழைவாயில்) பெயர், ஏற்கும் அலைவரிசைகள், உச்ச மின்தேவை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வேறு சிம் ஏற்கும்படி பூட்டைத் திறந்துவிடுங்கள். 3ஜி நிறுத்தப்பட்ட இடங்களில் பழைய 3ஜி டாங்கிள்களை இன்னும் இணையக் கருவி என்று விற்கும் கடைக்காரர்கள், அவற்றை இன்றே அலமாரியிலிருந்து எடுத்துவிடலாம்.

அச்சிடத் தாமதமாகும் என்றால், விற்பனையில் உள்ள ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றை ஒரு வாரத்துக்கு எங்களிடம் தாருங்கள். ஓப்பன் டபிள்யூஆர்டியில் அதை இயக்கிப் பார்த்து, அமைப்புகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, மோடத்தோடு திருப்பித் தருகிறோம். குலசேகரம், மார்த்தாண்டம், தக்கலைக் கடைகளில் அந்தத் தாளை ஒட்டிவைக்க நீங்கள் அனுமதித்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகசாலைப் பொறுப்பாளர்,
குலசேகரம் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்