விளம்பர வருமானம் பற்றி நண்பருக்கு ஒரு பதில்

திருகோணமலை

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. ஓய்வூதியம் வரத் தொடங்கிவிட்டது என்பதையும், மட்டக்களப்பில் விவசாயப் போதனாசிரியராக வயல் வயலாக நடந்து சேர்த்த அறிவை இனி இணையத்தில் எழுத எண்ணியிருக்கிறீர் என்பதையும் படித்து உண்மையாகவே மகிழ்ந்தேன். இங்கு நாங்கள் எல்லோரும் நலம். திருகோணமலையைப் பார்க்க வருவோருக்காக நான் எழுதிவரும் வலைத்தளமும் தடையின்றி நடக்கிறது. அதில் விளம்பரம் எப்படி வருகிறது, அதனால் என்ன கிடைக்கிறது, நீர் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுவதே முறை. தமிழில் புதிதாக எழுதத் தொடங்கும் ஒருவருக்கு, விளம்பரத்தால் வரும் தொகை ஓய்வூதியத்தோடு சேர்த்து மாதக் கணக்குப் போடும் அளவுக்கு விரைவில் வளர்ந்துவிடாது. அதை நம்பி மகளின் கலியாணச் செலவையோ வீட்டுத் திருத்தத்தையோ திட்டமிட வேண்டாம். ஆனால் நன்றாக எழுதப்பட்ட பக்கம் ஆண்டுக்கணக்கில் வாசகரைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும் என்பதால், பொறுமையுடையவருக்கு இது வீண் உழைப்பும் அல்ல.

நம்மைப் போன்றோர் பெரும்பாலும் நாடுவது, வலைத்தளங்களில் விளம்பரம் இட்டு எழுதுபவருக்குப் பங்கு தரும் கூகுள் நிறுவனத்தின் ஆட்சென்ஸ் சேவையை. அது 2003இல் தொடங்கியது. எனினும் தமிழ்ப் பக்கங்களுக்கு அதன் முறையான ஆதரவு 2018இல்தான் வந்தது. அதற்கு முன்பு தமிழில் எழுதிக் குவித்தவர்கள் பலருக்கு இந்த வழி திறக்கவே இல்லை என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. விளம்பரதாரர் கூகுள் வழியாகச் செலவிடும் பணத்தில் ஏறத்தாழ 68 சதவீதம் எழுதுபவருக்கு வருகிறது. முன்பு வாசகர் விளம்பரத்தைச் சொடுக்குவதை வைத்தே பெரும்பாலும் கணக்குப் பார்த்தார்கள். 2024இல் இருந்து விளம்பரம் காட்டப்படுவதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

வாசகர் ஒருவர் பக்கத்தைத் திறக்கும் கணத்திலேயே, அவருக்கு எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்பது ஏலத்தில் தீர்மானமாகிறது. அவர் எந்த நாட்டில் இருக்கிறார், பக்கம் எதைப் பற்றியது, அவ்வேளையில் எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்பவற்றைப் பொறுத்தே விலை அமையும். அதனால் புறாத்தீவுக்குப் படகில் போவது பற்றிய ஒரே கட்டுரையை மூதூரில் இருந்து ஒருவர் படித்தால் கிடைக்கும் தொகையும், ரொறன்ரோவில் இருந்து ஒருவர் படித்தால் கிடைக்கும் தொகையும் ஒன்றல்ல. எனக்கு ஒரு வசதி உண்டு. வெளிநாடுகளில் பாடசாலை விடுமுறை வரும் ஆடி, ஆவணி மாதங்களில்தான் நமது கடலும் அமைதியாக இருக்கும். அப்போது கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கும் நம்மவர்கள் நிலாவெளியையும் கோணேசர் கோயிலையும் தேடிப் படிக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் வந்துவிட்டால் வாசகர் வரத்துக் குறைந்துவிடும். ஆனால் விளம்பரதாரர்கள் ஆண்டில் அதிகமாகச் செலவிடுவது அந்தக் கடைசி மூன்று மாதங்களில்தான். தை பிறந்ததும் விலை இறங்கிவிடும்.

உமது நிலை இதற்கு நேர்மாறானது. மட்டக்களப்பில் மாரிகாலப் பெரும்போக விதைப்பு நடப்பதும், கமக்காரர் கைபேசியை எடுத்து நெல்லைத் தாக்கும் தத்திப் பூச்சியையும் எரிபந்த நோயையும் பற்றித் தேடுவதும் விளம்பர விலை உயர்ந்திருக்கும் அதே மாதங்களில்தான். உமது வாசகர் பெரும்பாலும் உள்நாட்டவர் என்பதால் ஒரு பார்வைக்குக் கிடைக்கும் தொகை சிறியதாகவே இருக்கும். ஆனால் தேவை முற்றியிருக்கும் வேளையில் அவர்கள் கூட்டமாக வருவார்கள். ஆகவே பெரும்போகத்துக்கான கட்டுரைகளை ஆவணிக்குள் எழுதி ஏற்றிவிடும். தேடுபொறி ஒரு புதிய பக்கத்தைக் கண்டுபிடித்து, நம்பி, முன்னே கொண்டுவரச் சில வாரங்களோ மாதங்களோ எடுக்கும். பூச்சி வந்த பிறகு எழுதினால் அது அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும்.

எதை எழுதுவது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி இராவணன் கதையோடு எழுதியவர்கள் ஏராளம். ஆனால் அங்கு வர விரும்புபவர் தேடுவது, வயதான தாயை அழைத்துப் போகலாமா, உடை மாற்ற இடம் இருக்கிறதா, நகரில் இருந்து எப்படிப் போவது என்பவற்றை. அவற்றை எழுதிய பக்கமே எனது தளத்தில் ஓயாமல் படிக்கப்படுகிறது. நீரும் 'நெற்பயிர் நோய்கள்' என்று பொதுவாக எழுத வேண்டாம். சோளத்தில் சேனா படைப்புழு புகுந்ததை முதல் வாரத்தில் எந்த அடையாளத்தால் அறியலாம், குருத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று, வரம்பில் நின்று காட்டிக்கொடுத்ததைப் போலவே எழுதும். படம் உமது கைபேசியில் எடுத்ததாக இருக்கட்டும். திணைக்களத்தின் துண்டுப்பிரசுரத்தை அப்படியே தட்டச்சுச் செய்து போட்டால் வாசகருக்கும் பயன் குறைவு, விளம்பர அனுமதியும் மறுக்கப்படலாம்.

அனுமதிக்கு இத்தனை கட்டுரை வேண்டும் என்ற விதி கிடையாது. சொந்த எழுத்து, உம்மைப் பற்றிய ஒரு பக்கம், தனியுரிமைக் கொள்கைப் பக்கம், எளிதில் வழி தெரியும் அமைப்பு ஆகியவை இருந்தால் விண்ணப்பிக்கலாம். புளொக்கர் என்ற வலைப்பதிவுத் தளம் கூகுளுடையது, இலவசமானது, தொடங்குவதற்குப் போதும். வேர்ட்பிரஸ் டொட் கொம்மின் இலவசத் திட்டத்தில் ஆட்சென்ஸ் இட இயலாது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளும். 'அனுமதி பெற்ற கணக்கு விற்பனைக்கு' என்று யாரேனும் சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்தும் இலக்கம் ஒன்றைச் சாதாரணத் தபாலில் அனுப்புவார்கள். வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். எனவே வீட்டிலக்கத்தையும் தபாற் குறியீட்டையும் சரியாகக் கொடுத்து, தபாற்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையும். 100 டொலர் ஆனதும் பணம் மாதத்தின் 21ஆம் திகதிக்கும் 26ஆம் திகதிக்கும் இடையில் அனுப்பப்படும். பெயர் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்தை வரவு வைக்க வங்கி கட்டணம் எடுத்தால், சிறு தொகையில் அது பெரிதாகத் தெரியும். ஆகவே 100 டொலருக்கே பணம் வாங்காமல், எல்லையை உயர்த்தி வைத்துச் சேர்த்து வாங்கும் வசதியைப் பயன்படுத்தும்.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. உமக்குச் சுற்றமும் மாணவரும் அதிகம். எல்லோரும் உம்மை நேசிப்பவர்கள். நீர் விளம்பரம் இட்டது தெரிந்தால், உதவி செய்கிறோம் என்று நினைத்து ஆளுக்குப் பத்துத் தரம் சொடுக்குவார்கள். இந்த நகரில் ஓர் இளைஞருக்கு அப்படித்தான் நடந்தது. நண்பர்கள் வட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் பகிர்ந்து சொடுக்கச் சொன்னார்கள். சில நாட்களில் கணக்கு மூடப்பட்டது, சேர்ந்திருந்த தொகையும் கைக்கு வரவில்லை. போலிச் சொடுக்கால் வந்த பணத்தை விளம்பரதாரருக்கே திருப்பிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். நல்ல எழுத்து அந்தப் பிள்ளையுடையது. அதன் பிறகு எழுதுவதையே விட்டுவிட்டார். உமது வீட்டில் முதல் நாளே சொல்லிவிடும்: கட்டுரையைப் படியுங்கள், தேவையானவருக்கு அனுப்புங்கள், விளம்பரத்தைத் தொட வேண்டாம். நீரும் தொட வேண்டாம், சோதிப்பதற்காகக்கூட.

இன்னொன்று உமது தொழிலின் மரியாதையைச் சார்ந்தது. தேவையில்லாமல் மருந்து அடிக்காதீர்கள் என்று நீர் எழுதிய பத்திக்குக் கீழேயே ஒரு பூச்சிகொல்லி விளம்பரம் வரக்கூடும். அதைப் பார்க்கும் கமக்காரர், அதை நீரே பரிந்துரைத்ததாக எண்ணுவார். ஆட்சென்ஸில் குறிப்பிட்ட விளம்பரதாரரின் முகவரியையோ ஒரு வகை விளம்பரங்களையோ தடுத்துவைக்க முடியும். கோணேசர் கோயிலைப் பற்றிப் படிக்க வருபவர் முன் துணை தேடும் விளம்பரங்கள் வருவதை நான் விரும்பவில்லை. அந்த வகையைத் தடுத்திருக்கிறேன். வருமானம் சற்றுக் குறையும், குறையட்டும். திரையை மூடிக்கொண்டு பாயும் விளம்பரங்களையும் நிறுத்திவிடும். வயலில் வெயிலில் நின்று, குறைந்த டேட்டாவில் பக்கம் திறக்கக் காத்திருக்கும் ஒருவரை அப்படி வதைப்பது சரியல்ல. பின்னாளில் உமது ஊர் நாற்றுமேடைக்காரரோ விதைக் கடைக்காரரோ நேரடியாக ஒரு தொகை தந்து விளம்பரம் இடக் கேட்டால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் நீர் நம்பும் கடையாக இருக்கட்டும், 'விளம்பரம்' என்று மேலே தெளிவாக எழுதியும் விடும்.

இப்போதைக்கு விண்ணப்பத்தைப் பற்றிய எண்ணம் வேண்டாம். சேனா படைப்புழு பற்றிய கட்டுரையை முதலில் எழுதி, படங்களோடு எனக்கு அனுப்பும். ஒரு வாசகனாகப் படித்துவிட்டு, எங்கே எனக்கு விளங்கவில்லை என்று குறித்து அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லும்.

என்றும் அன்புடன்,
உமது நண்பன்