தாத்தா ரயில் ஓட்டவில்லை

பொன்மலை
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். பாதியில் நீ அழுவாய், உன்னைத் தேற்றப் போய் நானும் அழுவேன், விஷயம் அப்படியே நின்றுபோகும். அதனால்தான் சந்தையிலிருந்து வாங்கி வந்த கீரையைக்கூட ஆயாமல் பேனாவை எடுத்துவிட்டேன்.

சின்னவன் பள்ளிக்கூடத்துக்காகத் தாத்தாவைப் பற்றி எழுதினதை அனுப்பியிருந்தாயே, பக்கத்து வீட்டுப் பெண் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். முதல் வரியே 'என் தாத்தா ஊட்டி மலை ரயில் ஓட்டியவர்' என்று இருக்கிறது. தாத்தா ஒரு நாளும் ரயில் ஓட்டவில்லை என்பது உனக்கும் தெரியும். 'குழந்தை ஆசையாச் சொல்லுது, விடும்மா' என்றாய், நானும் விட்டேன். ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று உனக்குத் தெரியாது.

2019 பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது மேட்டுப்பாளையத்தில் காலை ரயில் ஏறினோமே. ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். நீயும் மாப்பிள்ளையும் குரங்குகளிடமிருந்து பிஸ்கட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். அப்பா பேரனைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனார். இன்ஜின் அங்கேதானே இருக்கும், மலை ஏறும்போது பின்னாலிருந்துதான் தள்ளும். நானும் கூடப் போனேன். ஆவி 'புஸ்'ஸென்று கக்கிக்கொண்டிருந்தது. பையன் ஏதோ கேட்டான், அப்பா தலையாட்டினார். மறுபடி கேட்டான், மறுபடி தலையாட்டினார். அவன் இறங்கி ஓடிவந்து பெட்டி முழுக்கச் சொன்னான், 'எங்க தாத்தா இந்த ட்ரெய்ன ஓட்டினாரு!'

அவன் கேட்டது அப்பா காதில் விழவே இல்லை, கண்ணு.

காது மந்தம்தானே, வயசானால் வருவதுதானே என்பாய். அப்படி இல்லை. உனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போதே அவருக்குப் பாதிக் காது போய்விட்டது. நான் கண்டுபிடித்தது 1996இல். குழாயடிக்குப் போகும்போது 'மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க' என்று சொல்லிவிட்டுப் போனேன். இரண்டாவது குடத்தோடு வரும்போது தெருமுனையிலேயே பருப்புத் தீய்ந்த வாசனை. குக்கர் விசிலடித்துக்கொண்டே இருக்கிறது, இவர் அடுப்புக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். கோபத்தில் குடத்தை நங்கென்று வைத்தேன். அதற்கும் நிமிரவில்லை. என் நிழல் பேப்பரில் விழுந்த பிறகுதான் 'என்ன, வந்துட்டியா?' என்றார். காலம் பூராவும் ஆவியோடு மல்லுக்கட்டிய மனுஷனுக்குக் குக்கர் விசில் கேட்கவில்லை!

1972இல் இருபது வயசில் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குள் போனவர். பாய்லர் ஷாப்தான் அவருக்கு எல்லாம். பாய்லருக்கு உள்ளே ஒருவர் முட்டுக் கொடுப்பார், வெளியே ஒருவர் ரிவெட் ஆணி அடிப்பார். உள்ளே இருப்பவருக்கு அது கோயில் மணிக்குள் தலையை விட்ட மாதிரி என்பார். காதுக்குக் காப்பு என்று இருந்ததெல்லாம் கை துடைக்கிற வேஸ்ட் பஞ்சு. அதைக் கிள்ளி அடைத்துக்கொள்வார்கள். தொழிலால் வரும் நோய்கள் பட்டியலில் இரைச்சலால் காது போவதும் இருக்கிறது, எழுதிக் கொடுத்தால் நஷ்டஈடு கேட்கலாம் என்று சங்கத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார். செப்டம்பர் 5 வந்தால் உனக்குப் பள்ளியில் ஆசிரியர் தினம், அப்பாவுக்குச் சங்கத் திடல். 1946இல் அதே நாளில் அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து தொழிலாளிகளுக்குப் பூப் போடாமல் அவர் இருந்ததில்லை. அப்படிப்பட்ட சங்கத்து ஆள், தன் விஷயம் என்றதும் 'செவிடுன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணுமா?' என்று அவரை அனுப்பிவிட்டார். எனக்கு இன்றைக்கும் அதில் கோபம்தான்.

அப்புறம் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், உனக்குத் தெரியக் கூடாது என்று. மெல்பர்னிலிருந்து நீ போன் பண்ணும்போதெல்லாம் 'நல்லா இருக்கியாம்மா? இந்தா, அம்மாகிட்ட பேசு' என்று இரண்டே வாக்கியத்தில் என் கையில் கொடுத்துவிடுவாரே, அதற்கு நீ எத்தனை வருஷம் மனத்தாங்கல் பட்டாய். 'அப்பாவுக்கு என்கிட்ட பேச ஒண்ணுமே இல்லையா?' என்று ஒரு தடவை அழுதாய். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் அவர் முதலில் கேட்பது, 'என்ன சொன்னா? முதல்லேருந்து சொல்லு.' நீ பேசியது பத்து நிமிஷம் என்றால் நான் அவருக்குத் திருப்பிச் சொல்ல அரை மணி ஆகும். சொல்லும்போது நான் அவர் முகத்துக்கு நேரே உட்கார வேண்டும்.

வீடியோவில் பேச ஆரம்பித்த பிறகு அப்பா மாறிவிட்டார், பேரன் வந்ததும் மனசு இளகிவிட்டது என்றாய். மனசு எப்போதும்போலத்தான் இருந்தது பாப்பா. உன் உதடு அசைவது தெரிந்தது, அவ்வளவுதான். பையன் பேசுவதுதான் அவருக்குப் பிடிபடாது, பாதி இங்கிலீஷ். அதனால் எல்லாவற்றுக்கும் 'ம்'.

அன்று ஊட்டி லாட்ஜில் ராத்திரி நான் விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் ஆடிப்போய்விட்டார். 'ஓட்டினவன் எவனாவது கேட்டா என்ன நினைப்பான்? பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சே.' காலையில் பேரனிடம் சொல்லிவிடலாம் என்றேன். 'கேக்கலைன்னு சொல்லணுமே' என்று இழுத்தார். காலையில் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவே இல்லை.

என் இளைப்பு உனக்குத் தெரியும். முன்பெல்லாம் ராத்திரி எனக்கு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டு எழுந்து வெந்நீர் வைப்பார். அந்தப் பருப்பு தீய்ந்த வருஷத்திலிருந்து என் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் தூங்குவார். ஓடுகிற மெஷினில் எங்கே கோளாறு என்று கையை வைத்தே சொல்லிவிடுகிறவர் இல்லையா. எனக்கு இழுக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே எழுந்துவிடுவார். வேனிற்காலத்தில் அந்தக் கை ஒரே கசகசப்பாக இருக்கும். 'எடுங்களேன்' என்று எத்தனையோ நாள் சிடுசிடுத்திருக்கிறேன்.

அதனால் பையனிடம் திருத்தி எழுதச் சொல். கல்லாரிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த கம்பி போகிறது. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறும், ஏனென்றால் சில இடத்தில் பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏற்றம். அவ்வளவு பாரத்தையும் தள்ளுவது பாய்லரிலிருந்து வரும் ஆவி. அந்த இன்ஜின்கள் மராமத்துக்கு நம்ம பொன்மலைக்குத்தான் வரும். தாத்தா பாய்லரின் பழைய டியூப்களை அறுத்தெடுத்துப் புதுசைச் சொருகுவார், முனையை விரித்து இறுக்குவார். பிறகு தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றி, டார்ச் அடித்து ஒவ்வொரு முனையாக ஒரு சொட்டுக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார். 2012இல், இவன் பிறந்த வருஷம், ரிட்டையர் ஆகும் வரைக்கும் அதுதான் வேலை. காது எப்படிப் போனது என்பதையும் எழுதட்டும். சத்தியத்தை நான் மீறியாயிற்று, இனி என்ன.

தலைத் திவசத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்றாய், சந்தோஷம். பணம் அனுப்பாதே. அப்பாவுக்கு வந்ததைவிட எனக்குக் குடும்பப் பென்ஷன் குறைவுதான். கடைசிச் சம்பளத்தில் பாதி வந்த இடத்தில் இப்போது நூற்றுக்கு முப்பது. ஒருத்திக்கு அது போதும். நவம்பரில் உயிரோடு இருக்கிறேன் என்று ரேகை வைக்கப் போகவேண்டும், அதற்கு மட்டும் நீ இருக்கும்போது கூட வா.

அப்பாவின் காது மெஷின் அலமாரியில் அப்படியே இருக்கிறது. போனைக் காதருகே கொண்டுபோனாலே கீச்சென்று கத்தும், எரிச்சலில் கழற்றி வைத்துவிடுவார். பேட்டரியை எடுத்து வைத்துவிட்டேன். பையன் வந்தால் பார்க்கட்டும்.

அடுத்த ஞாயிறு போன் பண்ணு. அப்பாவுக்குக் கத்திக் கத்தி உனக்கும் அதுவே பழகிவிட்டது. மெதுவாகவே பேசு, எனக்கு நன்றாகக் கேட்கிறது.

அன்புடன்,
அம்மா