மூலக்கடை மீன்காரம்மாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அப்பா நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டுக்கு வெளியே இரண்டு விரல் நுனிகள் தெரிகின்றன, நல்ல சிவப்பாக. அந்தச் சிவப்பைப் பார்த்த தெம்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மரம் அறுக்கும் மில்லில் ரம்பம் பட்டு அப்பாவின் இரண்டு விரல்கள் துண்டாகிப்போனது நம் பக்கத்தில் தெரியாதவர் யாரும் இல்லை. அதைத் திரும்பச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி மூலக்கடை சிக்னல் தாண்டி ரோட்டோரம் மீன் விற்கும் அம்மாவுக்கு. பெயரை எழுத வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் மீன்காரம்மா என்றே எழுதுகிறேன்.

அன்று ஆட்டோ அந்த இடத்தில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அப்பாவைத் தாங்கிப் பிடித்திருந்த அண்ணன் கையில் ஒரு துண்டு, துண்டுக்குள் விரல்கள். ஐஸில் போட வேண்டும் என்று அவருக்கு எப்போதோ கேட்ட ஞாபகம். ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி, அந்த அம்மாவின் மீன் கூடையில் இருந்த ஐஸை அள்ளப் போயிருக்கிறார். அந்த அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாராம். "நேரா ஐஸ்ல வெக்காத கண்ணு. மீனு வேற, வெரலு வேற."

அப்புறம் அவர் செய்ததை அந்த அண்ணன் இன்றைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். முதலில் தன் கையைக் கழுவினார். குடிக்க வைத்திருந்த தண்ணீரை விரல்கள்மேல் ஊற்றினார், தேய்க்கவே இல்லை. சாப்பாட்டுத் தூக்கைச் சுற்றிக்கொண்டு வந்த வெள்ளைத் துணியை உதறி, நனைத்து, நன்றாகப் பிழிந்து, அதில் விரல்களைச் சுற்றினார். அதை ஒரு கவரில் போட்டுக் காற்றுப் போகாமல் முடிச்சுப் போட்டார். மீன்மேல் கிடந்த ஐஸை அவர் தொடவில்லை. அடியில் சாக்கில் உடைக்காமல் வைத்திருந்த பாளத்தை எடுத்து உடைத்து இன்னொரு கவரில் நிரப்பி, முடிச்சுப் போட்ட கவரை அதற்குள் வைத்தார். "கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே போங்க" என்று அனுப்பிவைத்தார். ஆட்டோ நகர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஐஸ் நேராகப் பட்டால் சதையும் ரத்தக்குழாயும் உறைந்து கெட்டுப்போகும், அப்புறம் ஒட்ட வைக்க முடியாது. குளிர்ச்சி வேண்டும், ஐஸ் படக் கூடாது. இதை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எனக்கு விளக்கினார். கவரைப் பிரித்துப் பார்த்தவர், "யார் கட்டினது, நர்ஸா?" என்று கேட்டாராம்.

போன வாரம் அந்த அம்மாவைத் தேடிக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும், "ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டார், அவ்வளவுதான். அவருடைய வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போனவர். வலை இழுக்கும் வின்ச் கம்பியில் விரல் போனபோது கூட இருந்தவர்கள் பதறிப்போய் மீன் ஐஸுக்குள் புதைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒட்ட வைக்க முடியவில்லை. அப்போது பார்த்த டாக்டர் சொன்னதை இந்த அம்மா இத்தனை வருஷம் மறக்காமல் வைத்திருந்திருக்கிறார். பாளம் ஐஸ் எங்களுக்குப் போய்விட்டதால் அன்றைய மீனை மதியத்துக்குள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர்தான் சொன்னார், அவராகச் சொல்லவில்லை. பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "நிக்கிறியே, மீன் வாங்கிக்கோ" என்றார். வாங்கினேன். அதிலும் ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டார்.

ஸ்டான்லியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு இந்தியா முழுக்கப் பேர் பெற்றது என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே வராந்தாவில் படுத்துக் கிடந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. எலும்பைக் கம்பி போட்டு நிறுத்தி, நரம்பையும் முடி மாதிரி இருக்கும் ரத்தக்குழாயையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைத்த டாக்டர்களுக்கும், ராத்திரி முழுக்க வந்து விரல் நுனியின் நிறம் பார்த்துப்போன சிஸ்டர்களுக்கும், ரத்தம் கொடுக்க வியாசர்பாடியிலிருந்து கிளம்பி வந்த பையன்களுக்கும், வாடகை வாங்காத ஆட்டோ அண்ணனுக்கும், என் தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்த எதிர்வீட்டு அத்தைக்கும், எல்லாருக்கும் நன்றி. பீடி குடித்தால் ரத்தக்குழாய் சுருங்கி ஒட்டிய விரல் போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகு அப்பா பீடியைத் தொடவில்லை. அம்மா இத்தனை வருஷம் சண்டை போட்டும் நடக்காத காரியம் அது.

மில் கணக்கர் சாருக்குத் தனியாக ஒரு நன்றி. வேலைக்குச் சேர்ந்த கையோடு அப்பாவை இஎஸ்ஐயில், அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டில், பதிந்துவைத்தவர் அவர்தான். நோய்க்கு என்றால் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். வேலையில் அடிபட்டால் அந்தக் கணக்கு கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் வரும். இது தெரியாமல் எத்தனை வீட்டில் வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பார்கள்!

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். அந்த ரம்பத்துக்கு மூடி இல்லாமல் இருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவே ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றுதான் சொன்னது. ஆனால் மூடி போட்டால் வேலை மெதுவாகும். பீஸ் ரேட்டில், அதாவது அறுத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று, அறுப்பவர் அதைக் கழற்றி வைத்துவிடுவார், முதலாளியும் பார்த்தும் பாராமல் இருப்பார். ஒரு மில் மட்டும் ஒழுங்காக மூடி போட்டால், அவசரக்காரர் அடுத்த மில்லுக்குப் போய்விடுவார். தனியாக ஒருவர் நல்லவராக இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அதனால்தான் அப்பா படுத்திருந்த நேரத்தில் நீங்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடியது எனக்குப் பெரிதாகப் படுகிறது. தொழிலகப் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த அதிகாரி, மில் உரிமையாளர்கள், சங்கத்துக்காரர்கள், அறுப்பவர்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு மரத்தூள்மேலேயே உட்கார்ந்து பேசினீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதிகாரி அறுப்பவர்களைப் பார்த்து, "மூடியை ஏன் கழற்றுகிறீர்கள்?" என்று அதட்டாமல் கேட்டாராம். பதில் சொல்லவும் விட்டாராம். மூடியும், பலகை ரம்பத்தைக் கவ்விக்கொண்டு எகிறாமல் பின்னால் நிற்கும் பிளவுக் கத்தியும், காலுக்கு எட்டும் நிறுத்தும் சுவிட்சும் எல்லா மில்லுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்குவது என்றும், மூடி போட்டு அறுத்தால் பீஸ் ரேட்டைக் கொஞ்சம் ஏற்றுவது என்றும் பேசி முடித்தது நல்ல காரியம். அந்த ரேட் விஷயம்தான் எனக்கு முக்கியம். அதை விட்டுவிட்டால் மூடி மறுபடியும் மூலைக்குத்தான் போகும்.

அன்று அப்பா அறுத்தது பேக்கிங் பெட்டிக்கான பைன் கட்டை. நியூசிலாந்திலிருந்து கப்பலில் வருவது. ராத்திரி தூக்கம் வராமல், அங்கே அந்த மரத்தை வெட்டுகிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று போனில் தேடிப் படித்தேன். 2013-இல் மட்டும் அங்கே காட்டு வேலையில் 10 பேர் செத்திருக்கிறார்கள். ஹெலன் கெல்லி என்ற தொழிற்சங்கத் தலைவர் அந்தக் குடும்பங்களோடு விடாமல் நின்றிருக்கிறார். அடுத்த வருஷமே சுயேச்சையான ஆய்வு ஒன்று நடந்து, 2015-இல் காட்டு உரிமையாளர், ஒப்பந்தக்காரர், தொழிலாளர், அரசு எல்லாரும் இருக்கும் பாதுகாப்பு மன்றம் ஒன்றை அமைத்துவிட்டார்கள். வெட்டுகிற இடத்திலும் அதே கதை, அறுக்கிற இடத்திலும் அதே கதை. அவர்கள் உட்கார்ந்து பேச 10 உயிர் போக வேண்டியிருந்தது. இங்கே இரண்டு விரலோடு பேச ஆரம்பித்துவிட்டோம், அந்த விரலும் ஒட்டிக்கொண்டது. விரல் பழையபடி மடங்குமா என்பது இனி மாதக்கணக்கில் செய்யப்போகும் பயிற்சியில்தான் தெரியும். எப்படி இருந்தாலும் அப்பாவை மறுபடி ரம்பத்தின் முன்னால் நிற்கவிட மாட்டேன். அவர் ஏதாவது சொல்வார், சொல்லட்டும்.

என் பங்குக்கு ஒன்று செய்யப்போகிறேன். மில் தெருவில் இருக்கும் முதலுதவிப் பெட்டி ஒவ்வொன்றிலும் சுத்தமான வெள்ளைத் துணி, சிறிய கவர் ஒன்று, பெரிய கவர் ஒன்று, மீன்காரம்மா செய்ததைப் படமாகப் போட்ட அட்டை ஒன்று வைக்கப் போகிறேன். படம் என் தம்பி வரைகிறான். ஐஸ் எந்தக் கடையில் கிடைக்கும், அந்தக் கடையின் போன் நம்பர் என்ன என்பதையும் அட்டையில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், மேஸ்திரிகள் பெட்டிச் சாவியைக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். பாதிப் பெட்டிகள் பூட்டியே கிடக்கின்றன என்று அப்பா சொன்னார்.