முட்டையை நிறுத்தும் முன்

ஆசிரியருக்கு,

என் பேரனுக்கு மூன்று வயது. முழங்கை மடிப்பெல்லாம் கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் நோய்). உணவு ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனையில் முட்டை, பால், கச்சான், இறால் நான்குக்கும் ‘பொசிட்டிவ்’ என்று வந்ததும் மகள் அத்தனையையும் நிறுத்திவிட்டாள். நான்கு மாதத்தில் பிள்ளை மெலிந்ததுதான் மிச்சம், சொறி குறையவில்லை. இத்தனைக்கும் முட்டை அவன் முன்பு நாள்தோறும் சாப்பிட்டது, ஒன்றும் செய்ததில்லை. எங்கள் வளவுக் கோழிகளின் முட்டையை விற்றுத்தான் அந்தப் பரிசோதனைக்கே காசு கட்டினோம்.

பிறகு பார்த்த தோல் வைத்திய நிபுணர்தான் விளக்கினார். அந்தப் பரிசோதனை தேடுவது ஐஜிஇ (IgE) என்ற பிறபொருளெதிரியை, அதாவது ஒவ்வாமையோடு தொடர்புடைய நோயெதிர்ப்புப் புரதத்தை. ஓர் உணவுக்கான ஐஜிஇ இரத்தத்தில் இருந்தால் உடல் அந்த உணவை இனங்கண்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். சாப்பிட்டால் ஒவ்வாது என்பதற்கு அது சான்றல்ல. கரப்பான்காரருக்கு ஐஜிஇ பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஐஜிஜி (IgG) என்ற வேறொரு பிறபொருளெதிரியைத் தேடும் பரிசோதனையோ இதற்கு உதவவே உதவாது. சாப்பிட்டவுடன் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வந்ததா என்பதே முதற்கேள்வி. சந்தேகமிருந்தால் வைத்தியர் முன்னிலையில் சிறிதுசிறிதாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் வேண்டாம்: நெடுநாள் நிறுத்திய உணவு திரும்பக் கொடுக்கும்போது கடுமையாக ஒவ்வாமல் போகவும் கூடும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா கிளினிக்குகளில் தாய்மாருக்கு இதைத் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமாகக் கொடுக்கச் சுகாதாரத் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் அம்மம்மா,
கிளிநொச்சி